ஐம்பதாயிரம் டாலர்க் கணக்கின் மெய்யான மூலதனம்

1. விசாரணையின் பொருள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வேரூன்றி, இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் வர்த்தக ஆர்வமுள்ள இளைஞர்களைத் தம்பால் ஈர்த்துவரும் ஒரு வகை வியாபார ஸ்தாபனங்களைப் பற்றி இக்கட்டுரை விசாரிக்கிறது. ஃப்யூச்சர்ஸ் என்னும் முன்பேர ஒப்பந்தங்களில் ஈடுபட விரும்பும் ஒருவர் கட்டணம் செலுத்திப் பரீட்சைக் கணக்கு ஒன்றைப் பெற்று, குறித்த நஷ்ட வரம்பைத் தொடாமல் குறித்த லாபத்தை ஈட்டிக் காட்டுவாராயின், அவருக்கு அந்த ஸ்தாபனம் ‘ஃபண்டட் அக்கவுண்ட்’ எனப்படும் நிதியளித்த கணக்கை ஒதுக்கி, அதில் விளையும் லாபத்தில் பெரும்பகுதியை அவருக்கே வழங்குகிறது. டாப்ஸ்டெப், ஏபெக்ஸ் டிரேடர் ஃபண்டிங், எர்ன்டுடிரேட், டேக் ப்ராஃபிட் டிரேடர், மை ஃபண்டட் ஃப்யூச்சர்ஸ் முதலியவை இவ்வகையில் பேர்பெற்றவை. வர்த்தகர் வழக்கில் இவை ‘ப்ராப் ஃபர்ம்’ என்ற பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றன.

இவற்றுள் எதைத் தேர்வது என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும் மூன்று எண்களை வரிசைப்படுத்திப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள்: கணக்கின் அளவு எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு, லாபத்தில் நமக்கு வரும் பங்கு எவ்வளவு என்பனவே அவை. இம்மூன்றும் ஸ்தாபனங்களே முன்னிறுத்தும் எண்கள், உண்மையான எண்களுங்கூட. ஆனால் ஒப்பீட்டுக்கு இவை போதிய பிரமாணங்கள் ஆகா என்பதும், கணக்கின் அளவைவிட நஷ்ட வரம்பு நகரும் முறையும், பங்கின் தாராளத்தைவிட அப்பங்கு எந்தப் பணத்திலிருந்து கொடுக்கப்படுகிறது என்ற கேள்வியுமே முதன்மையானவை என்பதும் என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கீழே ஒவ்வொன்றாக ஆராய்வோம். இந்த ஸ்தாபனங்கள் தம் விதிகளை அடிக்கடி மாற்றும் இயல்புடையவை ஆதலால், இங்கே எடுத்தாளப்படும் எண்கள் 2024, 2025ஆம் ஆண்டுகளில் வழங்கிய நிபந்தனைகளுக்கு உரியவை என்று கொள்ள வேண்டும்.

2. சிகாகோவின் முன்வரலாறு

1848இல் சிகாகோ போர்டு ஆஃப் டிரேட் நிறுவப்பட்ட காலந்தொட்டு முன்பேர வர்த்தகத்தின் தலைநகரமாக விளங்கிய அந்நகரத்தில், பிறர் பணத்தைக் கொண்டு வர்த்தகம் செய்வது புதிய வழக்கமன்று. ‘பிட்’ எனப்பட்ட கூவல் களங்களில் நின்று கைச்சைகையாலும் குரலாலும் பேரம் முடித்த காலத்தில், செல்வமும் அனுபவமும் படைத்த வர்த்தகர் ஒருவர், தாம் நேரில் கண்டு மதித்த இளைஞர் ஒருவருக்கு முதல் கொடுத்து, அவருடைய லாபத்தில் பங்கு பெறுவது அங்கே சாதாரணமாக நடந்தது. அவ்வழக்கத்தின் மிகப் பிரசித்தமான உதாரணம் 1983இல் நிகழ்ந்தது. வர்த்தகத் திறமை பிறவியில் வருவதா, கற்பித்தால் வருவதா என்று தம் நண்பர் வில்லியம் எக்கார்ட்டுடன் எழுந்த விவாதத்தைத் தீர்க்க விரும்பிய சிகாகோப் பெருவர்த்தகர் ரிச்சர்ட் டென்னிஸ், பத்திரிகைகளில் விளம்பரம் செய்து ஆட்களைத் திரட்டி, இரண்டு வாரம் போல் தம் முறையைக் கற்பித்து, முதலில் சிறு தொகையும் பின்னர்ப் பெருந்தொகையும் அவர்கள் கையில் கொடுத்தார். ‘டர்ட்டில்ஸ்’ என்று பின்னாளில் அழைக்கப்பட்ட அவர்கள் கையாண்ட பணம் மெய்யான பணம். அவர்கள் நஷ்டம் அடைந்தால் அது டென்னிஸின் நஷ்டம். அவர் தம் மாணாக்கரிடமிருந்து கட்டணம் வாங்கவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் 1986இல் தோன்றிய ஆப்டிவர், சிகாகோவில் 1992இல் தோன்றிய டி.ஆர்.டபிள்யூ போன்ற பெரிய சுய வர்த்தக ஸ்தாபனங்களும் இதே தர்க்கத்தின்மேல் எழுந்தவையே. அவை தம் மூலதனத்தைத் தாமே சந்தையில் இறக்கி, வர்த்தகருக்குச் சம்பளமும் ஊக்கத்தொகையும் கொடுத்து, லாபத்தில் பெரும்பகுதியைத் தாமே வைத்துக்கொள்கின்றன.

இந்த உறவு முறையைக் குலைத்தது மின்னணு வர்த்தகம். 1992இல் குளோபெக்ஸ் என்ற கணினிச் சந்தை தொடங்கிற்று. 1997 செப்டம்பரில் ஈ-மினி எஸ் அண்ட் பி 500 என்ற சிறிய ஒப்பந்தம் அதில் அறிமுகமாயிற்று. 2015 ஜூலையில் சிகாகோவின் முன்பேரக் கூவல் களங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. வீட்டு அறையில் திரையின் முன் தனித்து அமர்ந்தவனை நேரில் கண்டு மதிப்பிடும் புரவலர் இல்லாமற்போன அந்த வெற்றிடத்தில்தான், களங்கள் மூடப்படுவதற்கு முன்பே, 2012இல் சிகாகோவில் டாப்ஸ்டெப் தோன்றியது என்று நான் கருதுகிறேன். நேர்முக மதிப்பீட்டின் இடத்தை விதிகளாலான பரீட்சை பிடித்துக்கொண்டது. 2019 மே மாதம் மைக்ரோ ஈ-மினி ஒப்பந்தங்கள் வந்தபின் சந்தையில் நுழையத் தேவையான தொகை மேலும் சுருங்கியது. 2021இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஏபெக்ஸ் எழுந்து, பெருந்தள்ளுபடிகளைக் கொண்டு போட்டியை வேறொரு வேகத்துக்குக் கொண்டுசென்றது.

3. கணக்கின் அளவு என்னும் மாயத்தோற்றம்

‘ஐம்பதாயிரம் டாலர்க் கணக்கு’ என்ற பெயரைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். டாப்ஸ்டெப்பின் அவ்வகைக் கணக்கில் அடைய வேண்டிய லாபம் 3,000 டாலர்; தாங்கக்கூடிய மொத்த நஷ்டம் 2,000 டாலர். இருப்பு 48,000ஐத் தொட்ட கணத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது. எஞ்சிய நாற்பத்தெட்டாயிரத்தை வர்த்தகர் எந்த நிலையிலும் பயன்படுத்த முடியாது. எடுக்கவும் முடியாது, இழக்கவும் முடியாது. ஆகவே இக்கணக்கின் மூலதனம் 2,000 டாலர் என்பதே யதார்த்தம். இதே ஸ்தாபனத்தின் ஒரு லட்சம் டாலர்க் கணக்கில் நஷ்ட வரம்பு 3,000. ஒன்றரை லட்சம் டாலர்க் கணக்கில் 4,500. பெயரளவு மூன்று மடங்காகும்போது மூலதனம் இரண்டேகால் மடங்குதான் ஆகிறது. ஆனால் ஈட்ட வேண்டிய லாபமோ 3,000இலிருந்து 9,000ஆக, சரியாக மூன்று மடங்கு உயர்கிறது. பெரிய கணக்கைத் தேர்பவர் தமக்குச் சாதகமாகத் தேர்வதாக எண்ணிக்கொண்டு, விகிதத்தில் பாதகமான நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறார்.

இனி, அனுமதிக்கப்படும் ஒப்பந்த எண்ணிக்கையை இதனோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஐம்பதாயிரக் கணக்கில் ஐந்து ஈ-மினி ஒப்பந்தங்கள் வரை வைத்துக்கொள்ள இடமுண்டு. ஈ-மினி எஸ் அண்ட் பி ஒன்றின் மதிப்பு, குறியீட்டெண்ணின் ஒவ்வொரு புள்ளிக்கும் 50 டாலர் வீதம் மாறுவது. ஐந்து ஒப்பந்தங்களுக்குப் புள்ளிக்கு 250 டாலர். அப்படியானால் எட்டே புள்ளி எதிர்த்திசையில் நகர்ந்தால் 2,000 டாலரும் போய்விடும். குறியீட்டெண் 6,000 என்ற உயரத்தில் நிற்கும்போது எட்டுப் புள்ளி என்பது ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அசைவு. காலைச் சந்தை திறந்த சில நிமிஷங்களுக்குள் சர்வசாதாரணமாக நிகழ்வது. அதே கணக்கில் ஒரேயொரு மைக்ரோ ஒப்பந்தத்தை மட்டும் வைத்திருப்பவருக்குப் புள்ளிக்கு 5 டாலர்தான். அவர் 400 புள்ளி அசைவைத் தாங்குவார். விதிப்புத்தகம் ஒன்றேயாயினும் இவ்விருவரும் ஈடுபட்டிருப்பது இரு வேறு காரியங்கள். அதிக ஒப்பந்தங்களை அனுமதிப்பதை ஒரு சலுகையாக எண்ணி ஸ்தாபனங்களை ஒப்பிடுவோர் இந்த வேற்றுமையைக் கணக்கில் கொள்வதில்லை.

4. நகரும் எல்லைக்கோடு

நஷ்ட வரம்பின் அளவைக் காட்டிலும் முக்கியமானது அது நகரும் விதம். இங்கேதான் ஸ்தாபனத்துக்கு ஸ்தாபனம் உள்ள மெய்யான வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவது, தொடக்க இருப்புக்குக் கீழே ஓரிடத்தில் நஷ்ட எல்லைக்கோட்டை நிறுத்தி, அதை அசைக்காமல் வைப்பது. இரண்டாவது, ஒவ்வொரு நாளும் சந்தை முடிந்தபின் அன்றைய இறுதி இருப்பைப் பார்த்து, அது புதிய உச்சமாக இருந்தால் கோட்டையும் அந்த அளவுக்கு உயர்த்துவது. டாப்ஸ்டெப் கையாள்வது இம்முறை, அதிலும் கோடு தொடக்க இருப்பை எட்டியதும் நின்றுவிடும். மூன்றாவது, வர்த்தகம் நடந்துகொண்டிருக்கும்போதே, இன்னும் கைக்கு வராத லாபத்தின் உச்சத்தையும் கணக்கில் எடுத்து, நொடிக்கு நொடி கோட்டை உயர்த்துவது. ஏபெக்ஸ் நீண்டகாலம் தன் முக்கியக் கணக்குகளில் கடைப்பிடித்தது இம்முறை. மூன்றாவது முறையின் தன்மை ஓர் உதாரணத்தால் விளங்கும். 2,500 டாலர் வரம்புள்ள கணக்கில் ஒருவர் வாங்கிய ஒப்பந்தம் ஒரு கட்டத்தில் 1,500 டாலர் லாபம் காட்டுகிறது. அவர் விற்காமல் பொறுத்திருக்க, விலை இறங்கி, வாங்கிய விலைக்கே அவர் வெளியேறுகிறார். அவர் கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. ஆயினும் கோடு 1,500 டாலர் மேலேறிவிட்டதால் இனி அவர் தாங்கக்கூடிய நஷ்டம் 1,000 டாலர் மட்டுமே. லாபத்தை ஓடவிடு என்று வர்த்தக ஆசிரியர்கள் காலங்காலமாகக் கூறிவரும் நெறியை இவ்விதி நேராகத் தண்டிக்கிறது.

இதை எண்களால் அளக்க நிகழ்தகவுக் கணிதம் ஓர் எளிய வழி தருகிறது. யாதொரு சாமர்த்தியமும் இல்லாத, ஆனால் தரகுச் செலவும் இல்லாத ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய இருப்பு மேலே போவதும் கீழே போவதும் சரிசம வாய்ப்புடையது. கோடு அசையாமல் நிற்குமானால், 2,000 டாலரை இழப்பதற்கு முன் 3,000 டாலரை அவர் அடையும் வாய்ப்பு நூற்றுக்கு 40. அதே 2,000 டாலர்க் கோடு நொடிக்கு நொடி அவரைப் பின்தொடருமானால் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 22ஆகக் குறைந்துவிடுகிறது. பின்தொடரும் கோடு தொடக்க இருப்பில் நின்றுவிடும் என்று வைத்தால் ஏறத்தாழ 25 ஆகிறது. நாளிறுதியில் மட்டுமே நகரும் முறைக்கு உரிய வாய்ப்பு 25க்கும் 40க்கும் இடையில் அமையும். 2,500 டாலர் வரம்பை நொடிதோறும் நகர்த்தும் ஸ்தாபனத்தில் வாய்ப்பு 30. ஆக, ஐந்நூறு டாலர் கூடுதலாகக் கொடுக்கும் ஸ்தாபனம், அசையாத 2,000 டாலரைக் கொடுக்கும் ஸ்தாபனத்தைவிடக் கடுமையானது. அசையாத 2,000 டாலருக்குச் சமமாக வேண்டுமென்றால், பின்தொடரும் வரம்பு ஏறக்குறைய 3,270 டாலராக இருக்க வேண்டும். விளம்பரப் பட்டியலில் இரண்டு எண்களும் ஒரே தலைப்பின்கீழ் அருகருகே அச்சிடப்படுவதால் வாசகருக்கு இது தோன்றுவதில்லை.

பரீட்சை முடிந்த பின்னும் கோட்டின் கதை முடிவதில்லை. டாப்ஸ்டெப்பின் நிதியளித்த கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது. கோடு பூஜ்யத்துக்கு 2,000 டாலர் கீழே நிற்கிறது. முதன்முறை லாபத்தை எடுத்தவுடன் கோடு பூஜ்யத்துக்கே வந்து நிற்கும். அதன்பின் கணக்கில் விட்டுவைத்த தொகை எவ்வளவோ அவ்வளவே வர்த்தகரின் மூலதனம். அதாவது, ஸ்தாபனம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 2,000 டாலரும் திரும்பப் பெறப்பட்டு, அவர் தாம் ஈட்டியதைக் கொண்டே தொடர்ந்து வர்த்தகம் செய்கிறார். முதல் லாபத்தை எப்போது, எவ்வளவு எடுப்பது என்பது இதனால் ஒரு பெரிய தீர்மானமாகிவிடுகிறது.

5. தேர்ச்சி திறமைக்குச் சான்றாகுமா?

மேற்கண்ட கணக்கிலிருந்து மற்றொரு முடிவும் தானே பெறப்படுகிறது. திறமை சிறிதும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு இருபது முப்பது பேர் தேறக்கூடுமென்றால், ஒருவர் தேறினார் என்ற செய்தி அவர் திறமையைப் பற்றி நமக்கு மிகக் கொஞ்சமே சொல்கிறது. நாலைந்து முறை கட்டணம் கட்டியவர் ஒரு முறை தேறுவது சராசரி விதியே. மெய்வாழ்வில் தரகும் விலை இடைவெளியும் குறுக்கிடுவதால் வாய்ப்பு இதனினும் குறையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாங்கியதை அன்றே விற்று முடிக்கும் நாள்வர்த்தகத்தின் பொது நிலவரம் என்ன? தைவானில் 1992 முதல் 2006 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த பார்பர், லீ, லியு, ஓடியன் ஆகியோர், செலவு போக நிலையாக லாபம் காணும் நாள்வர்த்தகர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று கண்டனர். நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது பிரேசிலில் ஷாகே, தெ-லோசோ, ஜியோவனெட்டி ஆகியோர் செய்த ஆய்வு. அது பங்குக் குறியீட்டு ஃப்யூச்சர்ஸில் நாள்வர்த்தகம் செய்தவர்களையே எடுத்துக்கொண்டது. 2013க்கும் 2015க்கும் இடையில் தொடங்கிய 19,646 பேரில் முந்நூறு நாளுக்கு மேல் விடாது தொடர்ந்தவர்கள் 1,551 பேர். அவர்களிலும் நூற்றுக்கு 97 பேர் நஷ்டமே கண்டனர். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிட மிகுதியாக ஈட்டியவர் நூற்றுக்கு 1.1 பேர்தான். இந்தியாவில் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வும், 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் என்றும், அவர்களுடைய மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் காட்டுகிறது. தேசமும் காலமும் சந்தையும் வேறாயினும் மூன்றும் ஒரே முடிவையே சுட்டுகின்றன.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். பரீட்சை முறையின் கட்டுப்பாடுகள் வர்த்தகரிடம் ஒழுக்கத்தை வளர்க்கின்றன. ஆகவே இவ்வாய்வுகளில் அடங்கியவர்களைவிட இவர்கள் மேலானவர்களாக ஆகலாம் என்பது அது. நஷ்டத்துக்கு எல்லை கட்டும் பழக்கம் நல்லதென்பதில் ஐயமில்லை. ஆனால் பரீட்சையின் அமைப்பு ஒழுக்கத்துக்கு மாறான ஒரு தூண்டுதலையும் உள்ளடக்கியிருக்கிறது. பாதகமான விளையாட்டில் குறித்த தொகையை எட்ட வேண்டியவன் சிறிது சிறிதாக ஆடுவதைவிடத் துணிந்து பெரிதாக ஆடுவதே மேல் என்று டூபின்ஸ், சாவேஜ் என்னும் கணிதவியலார் 1965இல் நிறுவினர். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தரகு கழியும் சந்தையில், திறமையற்றவனுக்குப் பரீட்சையைக் கடக்கச் சிறந்த வழி, சில பெரிய ஆட்டங்களே. கட்டணம் தள்ளுபடியில் மிக மலிவாகக் கிடைக்கும்போது, பல கணக்குகளை வாங்கி எல்லாவற்றிலும் ஒரே ஆட்டத்தை ஆடிப் பார்ப்பது அதன் அடுத்த படி. ஏபெக்ஸ் ஒருவருக்கு இருபது கணக்குகள் வரை அனுமதித்தது. ஒரே நாளின் லாபம் மொத்தத்தில் இத்தனை பங்குக்கு மேற்படலாகாது என்னும் ‘கன்சிஸ்டன்சி’ விதி, டாப்ஸ்டெப்பின் பரீட்சையில் பாதி என்றும் ஏபெக்ஸின் லாப எடுப்பில் நூற்றுக்கு 30 என்றும் வகுக்கப்பட்டதன் காரணம் இப்போது விளங்கும். தாமே உண்டாக்கிய தூண்டுதலுக்குத் தாமே போட்ட அணை அது.

6. லாபப் பங்கு எந்தப் பணத்திலிருந்து வருகிறது?

நிதியளித்த கணக்குகளில் மிகப் பெரும்பாலானவை சிமுலேஷன் என்னும் பாவனைக் கணக்குகள். விலைகள் மெய்யான சந்தை விலைகள். ஆனால் வர்த்தகர் இடும் ஆணை சிகாகோச் சந்தைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஸ்தாபனங்கள் இதைத் தம் நிபந்தனைகளில் சொல்லியே இருக்கின்றன. டாப்ஸ்டெப் தன் ‘எக்ஸ்பிரஸ்’ கணக்கு பாவனை என்றும், அதில் தொடர்ந்து தேர்ந்தவர்களே மெய்ச்சந்தைக் கணக்குக்கு உயர்த்தப்படுவர் என்றும் பிரித்துக் காட்டுகிறது. எனினும் இதன் விளைவைப் பலரும் இறுதிவரை யோசிப்பதில்லை. சந்தைக்குப் போகாத ஆணை சந்தையிலிருந்து லாபத்தைக் கொண்டுவர முடியாது. ஆகவே பாவனைக் கணக்கில் வென்றவருக்குக் கொடுக்கப்படும் தொகை ஸ்தாபனத்தின் கைப்பணம்; அந்தக் கைப்பணத்தின் பிரதான ஊற்று, தேறாதவர்கள் கட்டிய கட்டணம்.

மெய்ச்சந்தையில் இப்பங்கு விகிதம் சாத்தியமா என்று சோதித்தால் இது இன்னும் தெளிவாகும். டாப்ஸ்டெப் முதல் 10,000 டாலரையும் ஏபெக்ஸ் முதல் 25,000 டாலரையும் முழுவதுமாக வர்த்தகருக்கே விட்டு, அதன்மேல் பத்தில் ஒன்பது பங்கு கொடுத்தன. மெய்யான பணத்தை இறக்கிய ஸ்தாபனம் ஒன்று, வென்றவர்களிடமிருந்து பத்தில் ஒரு பங்கு மட்டும் பெற்று, தோற்றவர்களின் நஷ்டம் முழுவதையும் தானே சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கையைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க, வென்றவர்களின் மொத்த லாபம் தோற்றவர்களின் மொத்த நஷ்டத்தைப்போல் பத்து மடங்கு இருந்தாக வேண்டும். மேலே கண்ட ஆய்வுகளின் ஒளியில் அப்படியொரு வர்த்தகர் கூட்டத்தை யாரும் திரட்ட முடியாது. லாபப் பங்கு எவ்வளவு தாராளமோ அவ்வளவுக்கு ஸ்தாபனத்தின் வருவாய் வர்த்தக லாபத்தைச் சாராமல் வேறிடத்திலிருந்து வருகிறது என்பதே இதிலிருந்து பெறும் அனுமானம். நூற்றுக்கு நூறு தருகிறேன் என்று முன்வரும் ஸ்தாபனம் உம்முடைய லாபத்தால் நான் வாழவில்லை என்று அறிவிக்கிறது. பழைய சுய வர்த்தக ஸ்தாபனங்கள் பெரும்பங்கைத் தாமே வைத்துக்கொள்வதன் காரணம் பேராசை அன்று. தங்கள் பணம் நிஜமாகவே அபாயத்தில் நிற்கிறது என்பதுதான்.

அப்படியானால் இது ஏமாற்றா? அவ்வாறு தீர்ப்புச் சொல்ல என் மனம் இசையவில்லை. 2,000 டாலரைச் சொந்தமாகத் தரகரிடம் கட்டி வர்த்தகம் செய்பவர், தோற்றால் 2,000 டாலரையும் இழக்கிறார். பரீட்சைக் கணக்கை வாங்கியவர் கட்டணத்தை மட்டுமே இழக்கிறார். மாதக் கட்டணம் 49 டாலராகவும் தேறியபின் கட்டும் தொடக்கக் கட்டணம் 149 டாலராகவும் இருந்த காலத்து டாப்ஸ்டெப் நிபந்தனைகளை எடுத்துக்கொண்டு, தேறும் வாய்ப்பு 22 என்ற குறைந்த எண்ணையே வைத்துக் கணக்கிட்டால், ஒரு நிதியளித்த கணக்கை அடைய ஆகும் சராசரிச் செலவு ஏறத்தாழ 370 டாலர். அக்கணக்கில் 2,000 டாலர் லாபம் காணும் வாய்ப்பு, திறமையற்றவருக்கும், நூற்றுக்கு 37 அளவில் உண்டு. அதில் பாதியை எடுக்க அனுமதித்து, எடுத்ததில் முழுவதும் அன்றிப் பத்தில் ஒன்பதை மட்டுமே கொடுப்பதாக வைத்தாலும் எதிர்பார்ப்பு மதிப்பு 330 டாலர் போல் வருகிறது, கணக்கில் எஞ்சி நிற்பதன் மதிப்பு நீங்கலாக. தரகைக் கழிக்காத கணக்கு இது; ஆயினும் கட்டணம் மட்டும் இந்த வியாபாரத்தைத் தாங்காது என்பதை அது புலப்படுத்துகிறது. ஆதலால் ஸ்தாபனத்தின் உண்மையான காப்பு, கட்டணத்தில் இல்லாமல் லாபத்தை எடுக்கும் விதிகளில் அமைந்திருக்கிறது: குறைந்தபட்ச லாப நாட்கள், இருப்பில் விட்டுவைக்க வேண்டிய தொகை, ஒரு முறைக்கு எடுக்கும் உச்சவரம்பு, கன்சிஸ்டன்சி விகிதம். ஏபெக்ஸின் ஐம்பதாயிரக் கணக்கில் இருப்பு 52,600 ஆகும்வரை லாபத்தை எடுக்கக் கோர முடியாது என்ற நிபந்தனை இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு ஸ்தாபனத்தின் விலையை அறிய விரும்புவோர் அதன் கட்டணப் பட்டியலை விட்டுவிட்டு, லாப எடுப்பு விதிகளைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இவ்வமைப்பின் பலவீனமும் இதே இடத்தில் இருக்கிறது. வெல்பவர் ஒவ்வொருவரும் ஸ்தாபனத்துக்குச் செலவு. புதிதாகச் சேர்வோர் தொகை குறைந்தாலோ, தேர்ந்தவர் தொகை எதிர்பாராது பெருகினாலோ, விதிகளைப் பின்தேதியிட்டு இறுக்குவதற்கும் லாபக் கோரிக்கைகளை மறுப்பதற்கும் சபலம் பிறக்கும். ஆகையால், தேர்ந்தவர்களை எந்தக் கட்டத்தில் மெய்ச்சந்தைக்கு உயர்த்துகிறது என்பதை ஒரு ஸ்தாபனத்தின் நன்னிலையை அறியும் முதல் அடையாளமாகக் கொள்வேன். அந்த மாற்றம் நிகழ்ந்த பிறகே ஸ்தாபனத்தின் நலனும் வர்த்தகரின் நலனும் ஒருதிசைப்படுகின்றன.

7. சட்டத்தின் பார்வை

அமெரிக்காவில் முன்பேரச் சந்தைகளை 1974இல் சட்டத்தால் அமைந்த சி.எஃப்.டி.சி என்னும் ஆணையம் கண்காணிக்கிறது. தரகர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் என்.எஃப்.ஏ 1982இல் செயல்படத் தொடங்கியது. பதிவுபெற்ற தரகரிடம் வாடிக்கையாளர் கட்டிய பணம் தரகரின் சொந்தப் பணத்தோடு கலவாமல் தனித்து வைக்கப்பட வேண்டும். பரீட்சைக் கட்டணம் அத்தகைய வைப்புப் பணம் அன்று. கட்டியவர் சட்டத்தின் கண்ணில் ஒரு சேவையை வாங்கியவர் மட்டுமே. ஸ்தாபனம் மூடப்பட்டால் அவருடைய ‘இருப்பு’ ஒரு கோரிக்கையாகவே மிஞ்சும்.

இவ்வியாபார முறையையே நீதிமன்றத்தில் சோதிக்கக் கிடைத்த பெரிய வாய்ப்பு, 2023 ஆகஸ்டு இறுதியில் நியூஜெர்சியில் தொடரப்பட்ட வழக்கு. மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் என்ற பெயரில் அந்நியச் செலாவணி வர்த்தகத்துக்கு இத்தகைய கணக்குகளை விற்ற டிரேடர்ஸ் குளோபல் குரூப், ஒன்றே முக்கால் ஆண்டுக்குள் 1,35,000 பேருக்கு மேற்பட்டோரிடம் 31 கோடி டாலர் கட்டணம் பெற்றதென்றும், வாடிக்கையாளர் தோற்பதற்கு ஏதுவாக நடந்ததென்றும் சி.எஃப்.டி.சி குற்றஞ்சாட்டியது. ஆனால் வழக்கின் முடிவு யாரும் எதிர்பாராதது. ஸ்தாபனம் செலுத்திய வரிப்பணத்தைச் சந்தேகத்துக்குரிய மாற்றல் என்று ஆணையம் நீதிமன்றத்தில் தவறாகக் காட்டியது வெளிப்பட்டு, 2025 மே மாதத்தில் வழக்கு மீண்டும் தொடர இயலாதபடி தள்ளுபடியாயிற்று. தண்டனை ஆணையத்தின் மீதே விழுந்தது. ஆகவே, குற்றச்சாட்டை எடுத்துக்காட்டி இத்துறையே மோசடி என்பவர்களும், தள்ளுபடியை எடுத்துக்காட்டி இத்துறை தூயது என்பவர்களும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். தேறாதவர் கட்டணத்தால் தேறியவருக்குக் கொடுப்பது சட்டப்படி என்ன என்ற கேள்வி அவ்வழக்கில் தீர்க்கப்படவேயில்லை.

செலாவணித் துறையோடு ஒப்பிட ஃப்யூச்சர்ஸ் துறைக்கு ஓர் உயர்வு உண்டு. செலாவணிக் கணக்குகளில் விலையைக் காட்டுவதும் எதிர்த்தரப்பாக நிற்பதும் ஒரே கையாக இருக்கக்கூடும்; ஃப்யூச்சர்ஸில் விலை ஒரு பொதுச் சந்தையிலிருந்து எல்லோருக்கும் ஒன்றாக வருகிறது, பிறகு சரிபார்க்கவும் முடிகிறது. 2024 பிப்ரவரியில் மெட்டாக்வோட்ஸ் என்ற மென்பொருள் ஸ்தாபனம் தன் உரிமங்களை இறுக்கியதும் செலாவணி ஸ்தாபனங்கள் பல தடுமாறின. ட்ரூ ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் உரிமம் இழந்து சில மாதங்களில் மூடியது. பிறர் மென்பொருளை நம்பி நிற்பது ஃப்யூச்சர்ஸ் ஸ்தாபனங்களுக்கும் உள்ள நிலையே ஆதலால், இந்த நிகழ்ச்சி அவர்களுக்கு அந்நியமானதன்று.

8. இந்தியாவிலிருந்து சேர்பவர் நிலை

இறுதியாக, இந்நாட்டிலிருந்து இக்கணக்குகளை நாடுவோருக்கு மட்டும் உரிய சில நிலைமைகளைக் குறிப்பிட வேண்டும். தனிநபர் அயல்நாடுகளுக்குப் பணம் அனுப்புவதை ஒழுங்குபடுத்தும் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் திட்டப்படி, அயல்நாட்டுச் சந்தைகளில் மார்ஜின் என்னும் ஈட்டுத்தொகை கட்டுவதற்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப இடமில்லை. சொந்தப் பணத்தில் சிகாகோச் சந்தையில் வர்த்தகம் செய்யும் வழி இவ்வாறு அடைபட்டிருப்பதால், பாவனைக் கணக்குக்குச் செலுத்துவது மார்ஜின் அன்று, சேவைக் கட்டணம்தான் என்ற வாதத்தைப் பற்றிக்கொண்டு பலர் இங்கே வருகிறார்கள். ஆகையால், ஆறாம் பகுதியில் சொன்ன ‘சொந்தக் கணக்கா, பரீட்சைக் கணக்கா’ என்ற ஒப்பீடு அமெரிக்கருக்கு உண்டு, இவர்களுக்கு இல்லை. ஸ்தாபனங்களுக்குள் நடக்கும் ஒப்பீடு ஒன்றே இவர்கள் கையிலுள்ளது. அதை எத்தனை கவனத்தோடு செய்ய வேண்டும் என்பதற்கு இது மேலும் ஒரு காரணம்.

காலமும் இவர்களுக்குச் சாதகமாக இல்லை. சிகாகோ நேரப்படி பிற்பகல் 3.10க்குள் எல்லா ஒப்பந்தங்களையும் முடித்துவிட வேண்டும் என்பது டாப்ஸ்டெப்பின் விதி. கோடையில் அது நமக்கு நள்ளிரவுக்குப் பின் 1.40, குளிர்காலத்தில் 2.40. பகலில் ஒரு தொழில் பார்த்துவிட்டு இரவில் இதில் அமர்பவர், களைத்த கண்ணோடு நகரும் எல்லைக்கோட்டைக் காவல் காக்கிறார். நொடிதோறும் கோடு நகரும் கணக்கைவிட நாளிறுதியில் மட்டும் நகரும் கணக்கு அவருக்கு ஏற்றது என்பதை விலை வித்தியாசத்தைக் கருதாமலே சொல்லிவிடலாம்.

லாபக் கோரிக்கை மறுக்கப்பட்டால் முறையிடுவதற்கு செபியின் ஸ்கோர்ஸ் அமைப்பு உதவாது. அது செபியில் பதிவுபெற்றவர்களைப் பற்றிய புகார்களுக்கு உரியது. விதிகள் அடிக்கடி மாறும் இத்துறையில், கட்டணம் கட்டிய நாளன்று எந்த விதி அமலில் இருந்தது என்பதே பிற்காலத்து விவகாரத்தின் அடிப்படையாகும். ஆதலால் நிபந்தனைகள் முழுவதையும், குறிப்பாக நஷ்டக் கோடு நகரும் முறையையும் லாப எடுப்பு விதிகளையும், அன்றைய தேதியோடு பிரதியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்வதும், முதல் லாபத்தை எடுத்தபின் கோடு எங்கே வந்து நிற்கும் என்பதை ஸ்தாபனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுவதும் கட்டணத்துக்கு முன் செய்ய வேண்டிய காரியங்கள். அப்பதிலைத் தெளிவாகத் தராத ஸ்தாபனத்தை, அதன் தள்ளுபடி எத்தனை பெரிதாயினும், பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.